திங்கட்கிழமை ரத்தம்

அம்பத்தூர் எஸ்டேட்டில், பிரேக் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு எதிர்ப்புறக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் வணக்கம். சென்ட்ரிஃபியூஜை எந்த வேகத்தில் சுழற்றுவது, ஆழ்குளிர் பெட்டியில் எந்தத் தட்டில் எதை வைப்பது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அவை சுவரில் ஒட்டியிருக்கின்றன. ஒட்டியவன் நான். அப்படிச் சுவரில் ஒட்டியதால் வந்த வினை ஒன்று உண்டு. அதை எழுதித் தரும்படி நம் ஆய்வகத் தலைவர் கேட்டார். அவரை நாங்கள் மேடம் என்றே அழைப்போம், நீங்களும் அப்படித்தான் அழைப்பீர்கள். "சுருக்கமா இருக்கட்டும் சார். கிழமை, வானிலை எல்லாம் வேணாம்" என்றும் சொன்னார். மேடம் மன்னிக்க வேண்டும். இந்தக் கதையில் கிழமை இல்லாவிட்டால் கதையே இல்லை.

எனக்கு டைரி எழுதும் வியாதி உண்டு. தினமும் மூன்று விஷயம் இருக்கும்: கிழமை, வானிலை, அன்று நான் செய்த தவறு. மூன்றாவதற்குச் சில நாள் இடம் போதாது. வரலாற்றுப் புத்தகங்களாகப் படித்துப் படித்து வந்த பழக்கம் இது. அரசர்கள் போரில் தோற்றதைவிட, தோற்ற நாள் எதுவென்று இரண்டு ஆசிரியர்கள் சண்டை போடுவதுதான் எனக்குச் சுவாரசியம். வேலையிலும் இதை விடவில்லை. வரும் ஒவ்வொரு ரத்த மாதிரியின் தேதிக்குப் பக்கத்திலும் தி, செ, பு என்று கிழமையின் முதல் எழுத்தைப் போடுவேன். கணினியில் அதற்கு இடம் இல்லாததால் என் கைப்பதிவேட்டில் போடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிக்கலாம்.

எங்கள் ஆராய்ச்சி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சினைப்பைப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் எல்லாக் கட்டிகளும் ஒரே குணம் கொண்டவை அல்ல. சில, வருடக்கணக்கில் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். சில, மாதக்கணக்கில் வயிறு முழுக்கப் பரவிவிடும். ஸ்கேனில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ரத்தத்தில் உள்ள புரதங்கள் கட்டியின் குணத்தை முன்கூட்டியே சொல்லுமா என்பதுதான் எங்கள் கேள்வி. நாங்கள் எங்களுக்குள் முதல் வகையைச் சாதுக் கட்டி என்றும், இரண்டாவதை முரட்டுக் கட்டி என்றும் சொல்லிக்கொள்வோம்.

எங்கள் பட்டியலில் பல புரதங்கள் இருந்தன. பெரும்பாலானவை சுமாரான மாணவர்கள். ஒரு நாள் சரியாகச் சொல்லும், மறுநாள் சொதப்பும். பட்டியலில் ஏழாவதாக இருந்த ஒன்று மட்டும் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிற ரகம். முரட்டுக் கட்டி என்றால் ஏழாம் நம்பர் எகிறும். சாதுக் கட்டி என்றால் அடங்கியிருக்கும். இரண்டு வருடமாக இப்படியே நடந்தது. மேடம் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார். நாங்கள் டீ குடிக்கும்போதுகூட ஏழாம் நம்பரைப் பற்றித்தான் பேசினோம்.

ரத்தம் வந்தது காட்டுப்பாக்கத்தைத் தாண்டி இருக்கும் ஒரு மருத்துவமனையிலிருந்து. அறுவை சிகிச்சைக்குப் போகும் நாள் காலையில் நோயாளி சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ஒரு குழாய் ரத்தம் கொடுப்பார். ரத்தம் கொண்டுவரும் எங்கள் ஊழியர் டில்லி ஒன்பதரைக்கு மோட்டார் சைக்கிளில் போய் அதை வாங்கி, நூம்பல் உள்வழியாகப் புகுந்து, பத்தரைக்கு அம்பத்தூரில் கொடுத்துவிடுவார். ரத்தம் எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் அதைச் சுழற்றி மேலே நிற்கும் தெளிநீரைப் பிரித்துவிட வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு குழாயுடனும் ஒரு படிவம் வரும். ரத்தம் எடுத்த நேரம் 9:15 என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கும். பத்தே முக்காலுக்குச் சுழற்றுவோம். ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். எல்லாம் ஒழுங்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை (லேசான தூறல்) அந்த மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர் மேடத்துக்குப் போன் செய்தார். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர் ஒரு பெண்ணுக்கு அறுவை செய்திருந்தார். அந்தப் பெண்ணை அமுதா என்று வைத்துக்கொள்வோம். முப்பத்திரண்டு வயது, திருமணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. ஒரு சினைப்பையைக் கட்டியோடு எடுத்தாயிற்று. எடுத்த திசுவின் அறிக்கை நடுவில் நின்றது. இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். முரட்டு வகை என்றால் மீதமிருக்கும் சினைப்பையையும் கருப்பையையும் உடனே எடுத்துவிட வேண்டும். சாது வகை என்றால் விட்டுவைத்துக் கண்காணிக்கலாம். வேறொரு நிபுணருக்குத் திசுவை அனுப்பிக் கேட்க மூன்று வாரம் ஆகும். முரட்டு வகையாக இருந்தால் அந்த மூன்று வாரமும் கட்டிக்குக் கொடுக்கும் வரம். வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு மருத்துவர்கள் கூடி முடிவெடுக்கப் போகிறார்கள்.

"உங்க ஏழாம் நம்பர் என்ன சொல்லுது?" என்று கேட்டாராம்.

ஆராய்ச்சி எண்கள் சிகிச்சைக்குப் போகக்கூடாது என்பது விதி. "சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்று அவர் சொன்னார். நாற்பது வருடத்தில் நான் அறிந்த அபாயகரமான சொற்களில் "சும்மா" முதலிடத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய மருத்துவர் எங்கள் எண்ணைத் தேடிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மேடத்தின் முகத்தில் வெளிச்சம். எனக்கும்தான், பொய் சொல்வானேன். எண்ணைத் தேடி எடுத்தேன். எகிறியிருந்தது. சந்தேகமில்லாத முரட்டுக் கட்டி.

"லெட்டர் டைப் பண்ணிடுங்க சார்" என்றார் மேடம்.

கடிதத்தில் மாதிரியின் தேதியைப் போடப் பதிவேட்டைத் திறந்தேன். தேதிக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் "தி" என்று இருந்தது. அதில் ஒன்றுமில்லை. ஆனால் தேதிப் பைத்தியத்துக்கு ஒரு தேதி போதாது. மற்ற முரட்டுக் கட்டிகளின் தேதிகளையும் புரட்டினேன். தி. தி. தி. தி. அடங்கிய எண்களைப் புரட்டினேன். பு, வி, பு, வெ. அன்று மாலை வீட்டுக்குப் போகும் ரயிலை இரண்டு தடவை தவற விட்டேன்.

புற்றுநோய்க்குக் கிழமை தெரியாது. ஒரு காரணம் எனக்கு உடனே புரிந்தது. அந்த மருத்துவமனையில் திங்கட்கிழமை தலைமை மருத்துவரின் நாள். பெரிய கட்டி, சிக்கலான கட்டி எல்லாம் அன்றைக்குத்தான் வரும். ஆகவே முரட்டுக் கட்டிகள் திங்களன்று குவிவது இயல்பு. இதோடு நிம்மதியாகப் படுத்திருக்கலாம். ஆனால் திங்களன்று வந்தவற்றிலும் சில சாதுக் கட்டிகள் இருந்திருக்க வேண்டும் அல்லவா? இருந்தன. திசு அறிக்கை அவற்றைச் சாது என்றே சொன்னது. ஆனால் அவற்றிலும் ஏழாம் நம்பர் எகிறியிருந்தது. "சில சமயம் தவறும்" என்று அவற்றை நாங்கள் ஓரம் கட்டியிருந்தோம். அதேபோல ஒரே ஒரு திங்கட்கிழமைப் பெண்ணுக்கு முரட்டுக் கட்டி, ஆனால் ஏழாம் நம்பர் அடங்கியிருந்தது. அதையும் ஓரம் கட்டியிருந்தோம்.

கட்டியை விட்டுவிட்டுக் கிழமையை அளந்துகொண்டிருக்கிறோமோ என்ற பயம் அப்போதுதான் வந்தது.

ஏழாம் நம்பருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது ரத்தத் தட்டணுக்களுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. ரத்தம் குழாயில் காத்திருக்கக் காத்திருக்க, தட்டணுக்கள் அதைக் கசியவிடும். இரண்டு மணி நேர விதி அதனால்தான். ஆக, திங்கட்கிழமை ரத்தம் எங்கோ காத்திருக்கிறது. எங்கே? என் மனசு நேராக ஒரு ஆளிடம் போய் நின்றது. புதன் காலை டில்லியைப் பிடித்தேன்.

டில்லி என்னைவிடப் பத்து வயது இளையவர், பேத்தி எடுத்தவர். எங்கள் ரத்தப் பெட்டியைச் சாமிப் பல்லக்கு மாதிரிச் சுமப்பவர்.

"டில்லி, திங்கக்கிழமை வழியில எங்கேயாவது நிக்கிறீங்களா?"

"இன்னா சார் கேக்கற? காட்டுப்பாக்கத்துல வண்டி தானா நிக்கும். நான் வேற நிறுத்தணுமா?"

"கிண்டல் வேணாம். டீ, நாஷ்டான்னு..."

அவர் முகம் மாறிவிட்டது. "தோ பாரு சார். இத்தினி வருசமா ரத்தத்த தூக்கிகினு வரேன். ஒரு நாளு பொட்டிய கீழ வெச்சிருக்கேனா? பேத்திக்கு காது குத்தறாங்க, ஊட்லேர்ந்து போன் மேல போன். அன்னிக்கும் நேரா இங்கதான் வந்தேன். என்னியப் போயி கேக்கறியே."

அவரே தொடர்ந்தார்.

"கேட்டதுக்கோசரம் ஒண்ணு சொல்றேன். மத்த நாளு டியூப தொட்டா சூடு கீது, இப்ப எறக்கின இட்லி மாரி. திங்கக்கெயமை தொட்டா ஜில்லுன்னு கீது. அடியில ரத்தம் ஒறைஞ்சு, மேல மஞ்சத் தண்ணி தெளிஞ்சு நிக்கிது. ஏசில வெச்சு குடுக்கறாங்க போலன்னு நெனச்சுகினேன்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ கேட்டியா சார்?"

அந்த நான்கு சொற்களை... மூன்றுதான், அந்த மூன்று சொற்களை அன்றைய டைரியில் தவறு என்ற இடத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன். மாதிரியைச் சுமப்பவர் கைக்குத் தெரிந்த விஷயம், அதை இயந்திரத்தில் போட்டு அளந்த எனக்கு இரண்டு வருடம் தெரியவில்லை.

அவர் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வேலப்பன்சாவடி வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை. நூம்பலில் ஒரு தண்ணி லாரி எங்களை ஓரம் கட்டியதும், லாரிக்காரரைத் திட்டிய சூட்டில் என்மேல் இருந்த கோபம் குறைந்துவிட்டது.

மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் சிஸ்டரை எனக்குப் போனில் மட்டுமே பழக்கம். ஐம்பது வயதுக்காரர். அவர் மேசைக்குப் பின்னால், சுவரில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, தாள் கிழிக்கும் தினசரி காலண்டர். இன்னொன்று, படிவத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்று நான் நிரப்பிக் காட்டிய மாதிரிப் படிவம், பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியது.

"சிஸ்டர், திங்கட்கிழமை ரத்தம் எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?"

"ஃபார்ம்ல எழுதியிருக்கே சார்."

"எழுதினது தெரியும். எடுக்கறது?"

சிஸ்டர் டில்லியைப் பார்த்தார். டில்லி மின்விசிறியைப் பார்த்தார்.

"ஏழு மணிக்கு முன்னாடி" என்றார் சிஸ்டர். காலண்டரைக் கையால் தட்டினார். "திங்கக்கிழமை ஏழரையிலேருந்து ஒம்போது ராகு காலம் சார். பெரிய ஆபரேஷன்னு பயந்து வந்திருக்காங்க. கையெழுத்தும் ரத்தமும் ஏழரைக்குள்ள முடிஞ்சா, நல்ல நேரத்துல ஆரம்பிச்ச மாதிரி கணக்கு. அப்புறம் நடுவுல ராகு காலம் வந்தா பரவாயில்லையாம். மாமியார், சித்தப்பா எல்லாம் சுத்தி நிப்பாங்க. நான் அவங்களோட வாதாடவா?"

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல காலையில ராகு காலம் இல்லையே. வெள்ளிக்கிழமை பத்தரைக்குத்தான், சனிக்கிழமை ஆபரேஷனே கிடையாது. நிதானமா ஒம்போதேகாலுக்கு எடுப்பேன்."

ராகு காலம் எந்தக் கிழமையில் எப்போது வரும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். கிழமைகளின் வரலாற்றைப் பற்றி ஒரு அலமாரி புத்தகம் படித்தவன். ஆனால் அந்த அறிவை அலுவலகத்துக்குக் கொண்டுவரவில்லை. அறிவியல் நடக்கும் இடத்தில் ராகுவுக்கு வேலையில்லை என்று நினைத்துவிட்டேன். நோயாளி தன் வீட்டுக் காலண்டரோடுதான் மருத்துவமனைக்கு வருகிறார்.

"ஒரு திங்கக்கிழமை மட்டும் நேரத்துக்கு எடுத்திருக்கீங்க போல" என்று, அந்த அடங்கிய எண்ணின் தேதியைச் சொன்னேன்.

சிஸ்டர் யோசித்தார். "அவங்களா? சர்ச்சுக்குப் போறவங்க. ராகு காலம் பாக்கல. ஆனா ஜெபம் முடியற வரைக்கும் கைய நீட்டல. ஒம்போதேகால் ஆயிடுச்சு."

"ஏழு மணிக்கு எடுத்துட்டு ஏன் சிஸ்டர் ஒம்போதேகால்னு எழுதறீங்க?"

இதைக் கேட்கும்போது என் குரலில் கொஞ்சம் அதிகாரம் இருந்தது. சிஸ்டர் மேசை இழுப்பறையைத் திறந்து, மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். எங்கள் ஆய்வகத்துக் கடிதம். ரத்தம் எடுத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதால் மாதிரியை ஏற்க இயலாது, இனி இவ்வாறு நேராமல் பார்த்துக்கொள்ளவும். கீழே என் கையெழுத்து.

"ஆரம்பத்துல ஒரு தடவ ஆறு அம்பதுன்னு உண்மைய எழுதினேன். இந்த லெட்டர் வந்துது. அந்தம்மாவுக்கு நரம்பே கிடைக்கல சார். நாலு எடத்துல குத்தி எடுத்த ரத்தம். அதைக் கீழ கொட்டிட்டீங்க. அப்புறம் எந்த மனசோட நான் ஆறு அம்பதுன்னு எழுதுவேன்? நீங்க ஒட்டின ஃபார்ம்ல ஒம்போதேகால்னு இருக்கு. அதையே எழுதினேன். நீங்களும் ஒண்ணும் கேக்கல."

புதியவர்களே, இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். சிஸ்டர் பொய் எழுதினார் என்று சொல்வது சுலபம். உண்மை எழுதியதற்கு நான் தண்டனை கொடுத்தேன், அதன் பிறகு எனக்கு உண்மை வருவது நின்றுபோனது. நடந்தது அவ்வளவுதான். என்ன ஆயிற்று, ஏன் அவ்வளவு சீக்கிரம் எடுத்தீர்கள் என்று அன்று ஒரு போன் செய்திருந்தால் இந்தக் கதை இல்லை. எழுபது எண்பது படிவங்களில் ஒரே நேரம், நிமிடம் பிசகாமல். மனிதர்கள் அப்படி ஊசி குத்துவார்களா? அதை நான் ஒழுங்கு என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

ஆய்வகத்துக்குத் திரும்பி மேடத்திடம் சொன்னேன். முழுசாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "சந்தேகத்தை வெச்சு ரெண்டு வருஷ வேலையை நிறுத்தச் சொல்றீங்க. ஆதாரம்?"

"நாளைக்கு மதியம் தரேன்."

"மீட்டிங் நாலு மணிக்கு."

அன்று நண்பகல் ஆய்வகத்திலிருந்த ஐந்து பேர் ஆளுக்கு இரண்டு குழாய் ரத்தம் கொடுத்தோம். மேடம் முதலில் கையை நீட்டினார். டில்லியும் கொடுத்தார். "எனக்கு ராகு காலம் பாக்கலியா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். புதன்கிழமை நண்பகலில் ராகு காலம்தான். சொன்னேன். "பரவால்ல, எடு" என்றார். ஒரு குழாயை ஒன்றரை மணி நேரத்தில் சுழற்றினோம். இன்னொன்றைத் திங்கட்கிழமை ரத்தம் போல நான்கு மணி நேரம் காக்கவைத்தோம்.

வியாழன் மதியம் இரண்டு மணிக்கு (வெயில், மேகமில்லை) எண்கள் திரையில் வந்தன. சீக்கிரம் சுழற்றிய ஐந்தும் அடக்கம். காக்கவைத்த ஐந்தும் எகிறியிருந்தன. உச்சத்தில் நான். அமுதாவின் எண்ணையும் தாண்டியிருந்தேன்.

மேடம் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய். முரட்டு வகை."

"இன்னா சார், சொல்லவே இல்ல?" என்றார் டில்லி. "இந்த வயசுல தாங்குவியா? ஊட்ல அண்ணிக்குத் தெரியுமா?"

விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருட உழைப்பு அந்தத் திரையில் உடைந்து கிடந்தது. அது எங்கள் கஷ்டம். அந்த எண்ணை நம்பி ஒரு பெண்ணின் வயிற்றைத் திறக்கும் முடிவு இன்னும் இரண்டு மணி நேரத்தில். அது வேறு கஷ்டம்.

"தாமதத்தால எவ்வளவு ஏறியிருக்கும்னு கணக்குப் போட்டுக் கழிச்சிடலாமா?" என்றார் மேடம். கெட்டிக்காரத்தனமான யோசனை. அழுத்தத்தில் இருக்கும்போது இப்படிப்பட்ட யோசனைகள்தான் முதலில் வரும். ஐந்து பேரின் எண்களை மறுபடி காட்டினேன். எனக்கு ஏறியது ஒரு அளவு, டில்லிக்கு ஏறியது ஒரு அளவு, மேடத்துக்குப் பாதிகூட இல்லை. அமுதாவுக்கு எதைக் கழிப்பது?

"நீங்களே பேசுங்க" என்று மேடம் போனை என் பக்கம் தள்ளினார்.

மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "ஆக, அந்தப் பொண்ணுக்கு எண் உண்மையில குறைவு. அப்படி எடுத்துக்கலாமா?" என்றார்.

இந்த இடம்தான். தப்பாக ஏறிய எண் என்று சொன்னதும் கேட்பவர் மனசு அதை உடனே இறக்கிவிடும். எனக்கும் "ஆமாம்" என்று சொல்ல நாக்கு வந்துவிட்டது. அந்தப் பெண்ணைக் காப்பாற்றிய பெருமையும் கிடைக்கும். ஆனால் அந்தக் கட்டி முரட்டு வகையாகவும் இருக்கலாமே. எங்கள் குழாய்க்கு அது தெரியாது.

"வேண்டாம் சார். எண் குறைவுன்னும் எடுத்துக்காதீங்க. எங்ககிட்ட எண்ணே இல்லைன்னு எடுத்துக்கங்க."

"அப்ப உங்களைக் கேட்டதுல எனக்கு என்ன லாபம்?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார்."

பிறகு, "சரி, திசுவை வெளியில அனுப்பறேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு நேரம். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு ஒரு பெண் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். வயிற்றில் ஒரு கையை வைத்தபடி மெதுவாக. அமுதா. இரண்டு தெரு தள்ளி ஒரு தொழிற்சாலையில் இறுதிப் பரிசோதகராக வேலை. ஓய்வில் இருக்க வேண்டியவர், விடுப்புக் கடிதம் கொடுக்க வந்தாராம். நூம்பலில் நிலம் வைத்திருந்த குடும்பம், நிலம் மனைகளாகிவிட்டது, மகள் எஸ்டேட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் எண்ணைப் பற்றி சிஸ்டர் சொல்லியிருக்கிறார்.

"எனக்கு இன்னா வந்துதுன்னு தெரியணும் சார். பெருசா வந்துதாம், அப்பறம் தப்புன்னு சொல்லிட்டீங்களாம். டாக்டர் மூணு வாரம் பொறுன்றாரு. இருக்கற ஒண்ணையும் எடுப்பாங்களா மாட்டாங்களான்னு தெரியாம மூணு வாரம் எப்படி சார் தூங்கறது?"

நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒன்றும் விடாமல் சொன்னேன். ராகு காலம், கடிதம், என் கையெழுத்து, எல்லாம். மன்னிப்பும் கேட்டேன். அவர் அழுவார் என்று தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன். அவர் புருவத்தைச் சுருக்கி யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கேஜ் தப்பு" என்றார்.

"என்னம்மா?"

"எங்க லைன்ல கேஜ் தப்புன்னு தெரிஞ்சா, அதால அளந்த பார்ட்ட ஸ்கிராப்பும் பண்ண மாட்டோம், பாஸும் பண்ண மாட்டோம். மஞ்ச டேக் கட்டி ஓரமா வெப்போம். வேற கேஜ் வர்ற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது." தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். "நான் மஞ்ச டேக். அவ்ளோதான?"

"அவ்வளவுதான் அம்மா."

"சூப்பர்வைசர் வந்து சும்மா பாஸ் போடுன்னு நிப்பாரு. நான் போட மாட்டேன். ரொம்ப பேஜாரு பண்ணுவாரு." எழுந்துகொண்டார். "நீங்களும் போடலன்றீங்க. சரி, பொறுக்கறேன்."

அந்த மூன்று வாரமும் என் டைரியில் வானிலை எழுதப்படவில்லை. அது எனக்கே இப்போது புரட்டும்போதுதான் தெரிந்தது. நான் சொன்னதால் காத்திருக்கிறார். திசு முரட்டு வகை என்று வந்தால், அந்த மூன்று வாரத்துக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பயத்துக்கு எந்த விதிமுறைத் தாளிலும் மருந்து கிடையாது. சரியாகச் செய்தாலும் பயமாகத்தான் இருக்கும் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நாலாவது வாரம், செவ்வாய்க்கிழமை, மறுபடியும் சாப்பாட்டு நேரம். இந்தத் தடவை படியேறும் சத்தம் வேகமாகக் கேட்டது.

"மெதுவா போற வகைதானாம் சார்!" வாசலிலிருந்தே சொல்லிவிட்டார். "எடுக்க வேணான்னுட்டாரு."

டில்லி கையிலிருந்த பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுக் கைதட்டினார். "அப்பிடி போடு! பச்ச டேக்கா தங்கச்சி?"

"பச்ச இல்லண்ணா. கண்டிஷன் போட்டு பாஸ். மூணு மாசத்துக்கு ஒரு தடவ செக்கிங்." சொல்லிவிட்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அன்று அழாத அழுகையை அழுது முடித்தார். தண்ணீர் அன்றைக்குத்தான் பயன்பட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என் ரத்தம் இன்னும் இங்க கீதா?" என்று கேட்டார்.

"இருக்கு. ஏழாம் நம்பரைப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டோம். மத்த புரதங்கள்ல சிலது காத்திருந்தாலும் மாறாது. நீங்க சம்மதிச்சா அதுக்கு உபயோகப்படுத்துவோம். வேணாம்னா அழிச்சிடுவோம்."

"எதுக்கு அழிக்கணும்? நாளைக்கு வேற ஒருத்திக்கு உதவும். ஃபார்ம காட்டுங்க."

எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். தொழில் பழக்கம். "இது என் கையெழுத்து. இது என் வூட்டுக்காரரோடது. இந்த ஒம்போதேகால் மட்டும் தப்பு, இல்ல?"

"ஆமாம். ஏழு மணிக்கு முன்னாடின்னு சிஸ்டர் சொன்னாங்க. சரியான நேரம் இனிமே யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே சார். ஆறு அம்பத்திரெண்டு. எனக்கு ஊசியப் பாக்க பயம். எதுக்க இருந்த கடியாரத்தையே பாத்துகினு இருந்தேன்."

பேனாவை நீட்டினேன். 9:15-ஐ ஒரே கோட்டால் அடித்தார். பழைய எண் கீழே தெளிவாகப் படிக்கும்படி அடித்தார். பக்கத்தில் 6:52 என்று எழுதி, சுருக்கொப்பமும் அன்றைய தேதியும் போட்டார்.

பதிவேட்டு அறையில், இரண்டாவது இரும்பு அலமாரியில் அந்தப் படிவம் இருக்கிறது. போய்ப் பாருங்கள். அந்த இரண்டு வருடப் படிவங்களில், அடித்தல் திருத்தல் உள்ளது அது ஒன்றுதான். எடுத்த நேரத்தை நான் நம்புவதும் அந்த ஒன்றைத்தான்.